பத்மினிக்குப் பெயின்ட் ரிமூவர்: காஸ்டிக் வேண்டாம்

ராமேஸ்வரம் பக்கத்து மண்டபம் ஊர்ல, வீட்டு முற்றத்திலேயே பழைய பிரீமியர் பத்மினி காரோட பெயின்டை உரிக்க காஸ்டிக் சோடா போதுமா, ரிமூவர் வாங்கணுமான்னு கேட்டிருந்தீங்க. காஸ்டிக் வேண்டாம் சார். அலுமினிய பீடிங் (ஓரப்பட்டி) இருந்தா அரிச்சிடும்; தகர மடிப்புக்குள்ள தங்கினா புதுப் பெயின்ட் பிறகு கொப்பளிக்கும்.

ரிமூவர்ல மெத்திலீன் குளோரைடு ஜெல்தான் வேகம். ஆனா அது 40 டிகிரியிலேயே கொதிக்கிற சரக்கு. நம்ம வெயில்ல தகரம் சுட்டா, பெயின்ட் ஊறுறதுக்கு முன்னாடியே காஞ்சிடும். காலை நிழல்ல கனமாத் தடவி, பாலித்தீன் ஷீட் போட்டு மூடி 15–20 நிமிஷம் விடுங்க. சுருங்கி எழும்பினதும் ஸ்கிரேப்பர். கதவு விளிம்பு, ஜாயின்ட்ல ஒரு அங்குலம் டேப் ஒட்டி விட்டுட்டு, அந்த இடத்தைப் பிறகு எமரி தாளால தேய்ங்க. மூடின ஷெட்டுக்குள்ள செய்யவே கூடாது. ஆவி காத்தைவிடக் கனம், துணி மாஸ்க் தடுக்காது. நைட்ரைல் கையுறையையும் சில நிமிஷத்துல ஊடுருவிடும்.

கழுவுறதுலதான் பலர் கெடுக்கிறது. உப்பு போர்வெல் தண்ணி பட்டா பிரைமருக்கு (பெயின்டுக்கு முன்னாடி அடிக்கிற அடிப்பூச்சு) அடியில துரு கிளம்பும். நல்ல தண்ணியில கழுவி, உடனே துடைச்சு, தின்னர்ல நனைச்ச துணியால ஒருதரம் துடைங்க. கடல்காத்துல வெறும் தகரம் ஒரு ராத்திரி தாங்காது; ஒவ்வொரு பேனலா உரிச்சு, 80 நம்பர் எமரி போட்டு, அன்னிக்கே எபாக்சி பிரைமர் அடிச்சிடுங்க.