108 தோப்புக்கரணமும் ரத்தப் பரிசோதனையும்

கேள்வி: எனக்கு வயது 52. காட்பாடியிலிருந்து தினமும் பேருந்தில் வேலூருக்குப் போய், ஓர் அலுவலகத்தில் உட்கார்ந்து கணக்கு எழுதுகிறேன். பள்ளிக்கூடத்தை விட்ட பிறகு உடற்பயிற்சி என்று எதுவும் செய்ததில்லை. ஜனவரியில் எடுத்த ரத்தப் பரிசோதனையில், அழற்சியைக் காட்டும் சி.ஆர்.பி. அளவு 3.6 என்று வந்தது. உடம்பில் லேசான அழற்சி இருக்கிறது, தசையை வலுவாக்கும் பயிற்சி செய்யுங்கள் என்றார் டாக்டர். முதல் நாளே 108 தோப்புக்கரணம் போட்டேன். மறுநாள் தொடை கல்லாக இறுகி, மாடிப்படி இறங்க முடியவில்லை. பயந்துபோய் அதற்கடுத்த நாள் மறுபடி பரிசோதித்தேன், 6.8. பயிற்சியால் அழற்சி கூடுகிறதா, குறைகிறதா? விட்டுவிடட்டுமா?

பதில்: பயிற்சியை விட வேண்டாம், அம்மா. அந்த 108-ஐ மட்டும் விட்டுவிடுங்கள். பிள்ளையாருக்கு வேண்டுதல் ஏதும் இருந்தால், தவணை முறையில் செலுத்த அவர் சம்மதிப்பார் என்றே நினைக்கிறேன்.

உங்களைக் குழப்பியது அழற்சி என்ற ஒரே பெயரில் வழங்கும் இரண்டு வேறு நிலைகள். பழக்கமில்லாத தசையை முதல் நாளே கடுமையாக வேலை வாங்கினால், அதன் இழைகளில் கண்ணுக்குத் தெரியாத சிறு கிழிசல்கள் உண்டாகின்றன; அவற்றைச் செப்பனிட உடல் அனுப்பும் ஆட்படையின் நடமாட்டம்தான் 24 மணி முதல் 72 மணி நேரம் வரை நாம் உணரும் வலியும் இறுக்கமும். குறிப்பாக, உடல் கீழே இறங்கும்போது தொடைத் தசை நீண்டுகொண்டே பாரத்தைத் தாங்குவதால் சேதம் அப்போதுதான் அதிகம். சோளிங்கர் பெரிய மலையின் 1,305 படிகளை ஏறி இறங்கியவர்களுக்கு மறுநாள் தொடை பிடித்துக்கொள்வதும் பெரும்பாலும் இறங்கியதன் விளைவே. தோப்புக்கரணத்தில் ஒவ்வொரு முறை உட்காரும்போதும் நடப்பது இதுதான்; நீங்கள் அதை 108 முறை செய்திருக்கிறீர்கள்.

இத்தகைய சேதத்துக்குப் பிறகு சி.ஆர்.பி. சில நாள் ஏறி நிற்கக்கூடும். அது கல்லீரல் உண்டாக்கும் ஒரு புரதம். ரத்தத்தில் அதன் அளவு ஏறத்தாழ 19 மணி நேரத்துக்கு ஒருமுறை பாதியாகக் குறையும் இயல்புடையது. ஆகவே தூண்டுதல் நின்றுவிட்டால் அதுவும் விரைவில் இறங்கிவிடும். சளி, காய்ச்சல், ஏன், ஈறு நோய்கூட அதை ஏற்றக்கூடும் என்பதால்தான் இரண்டு வாரம் இடைவெளி விட்டு இரண்டு முறை பார்த்து முடிவு செய்வது நல்ல வழக்கம். உங்கள் 6.8 எந்தக் காரணத்தால் வந்தது என்று கடிதத்தைப் படித்து உறுதியாகச் சொல்ல இயலாது. ஆனால் தொடை வலி உச்சத்தில் இருந்த நாளில் எடுத்த அந்தக் காகிதத்தை வைத்து எந்த முடிவுக்கும் வர வேண்டாம் என்று தயக்கமின்றிச் சொல்வேன்.

டாக்டர் கவலைப்பட்டது ஜனவரியின் 3.6-ஐப் பற்றி. துல்லிய முறையில் அளக்கும்போது லிட்டருக்கு 1 மில்லிகிராமுக்குக் கீழே இருந்தால் இதய நோய்க்கான அபாயம் குறைவு, 1 முதல் 3 வரை நடுத்தரம், 3-க்கு மேல் அதிகம் என்று கொள்வார்கள். வலியில்லாமல், காய்ச்சலில்லாமல், ஆண்டுக்கணக்கில் உமித்தீயாகக் கனன்றுகொண்டிருக்கும் அழற்சி இது. ஆண்டுக்கணக்கில் உட்கார்ந்தே இருப்பவர்களுக்குத் தசை மெலிந்து, வயிற்றின் உட்புறம் கொழுப்பு சேர்கிறது. அந்தக் கொழுப்புத் திசு சும்மா கிடப்பதில்லை, டி.என்.எஃப். ஆல்ஃபா, இன்டர்லூகின்-6 போன்ற, அழற்சியைத் தூண்டும் பொருள்களை ஓயாமல் சுரக்கிறது. அவற்றில் இன்டர்லூகின்-6-இன் தூண்டுதலால் கல்லீரல் சி.ஆர்.பி.யை உற்பத்தி செய்கிறது. இந்தியர்களில் ஒல்லியாகத் தெரிபவர்களுக்கும் இது உண்டு. பெண்களுக்கு இடுப்புச் சுற்றளவு 80 சென்டிமீட்டரையும், ஆண்களுக்கு 90-ஐயும் தாண்டினால் கவனிக்க வேண்டும் என்பதும் அதனால்தான்.

இதில் வியப்பான செய்தி ஒன்று உண்டு. உழைக்கும் தசையும் அதே இன்டர்லூகின்-6-ஐத்தான் வெளியிடுகிறது. கோபன்ஹேகனைச் சேர்ந்த பென்ட்டே பெடர்சன் குழுவினரின் ஆய்வுகள், தசை வெறும் இழுவை இயந்திரமல்ல, சுரப்பியும்கூட என்று காட்டின. தசையிலிருந்து வருவது சிறிது நேரம் பொங்கி அடங்குகிறது, அதன் பின்னாலேயே இன்டர்லூகின்-10 போன்ற, அழற்சியைத் தணிக்கும் பொருள்கள் உயர்கின்றன, டி.என்.எஃப். ஆல்ஃபா அடக்கப்படுகிறது. கொழுப்பு நாள் முழுதும் கசியவிடும் அதே பொருள், தசையிலிருந்து விட்டுவிட்டு வரும்போது நேர்மாறான பலனைத் தருகிறது.

பலன் எவ்வளவு என்பதில் மிகைப்படுத்த விரும்பவில்லை. இரண்டு மூன்று மாதங்கள் தொடர்ந்து வலுப்பயிற்சி செய்தவர்களில் சி.ஆர்.பி. மிதமாகக் குறைவதைப் பல ஆய்வுகள் காட்டுகின்றன. மற்றக் குறியீடுகளில் முடிவுகள் ஒன்றுபோல இல்லை. இடுப்பளவும் சேர்ந்து குறைந்தவர்களுக்குப் பலன் கூடுதல். சி.ஆர்.பி. அசையாவிட்டாலும், சர்க்கரையைத் தசை நன்றாக இழுத்துக்கொள்வதும், மூட்டைச் சுற்றிய தசை வலுப்படுவதும் உங்களுக்கு லாபம்தான்.

உலக சுகாதார நிறுவனம் வாரத்தில் குறைந்தது இரண்டு நாள் இத்தகைய பயிற்சியைப் பரிந்துரைக்கிறது. வலி முழுதும் தீர்ந்த பின், திங்கள், வியாழன் என்று இரண்டு நாளைக் குறித்துக்கொள்ளுங்கள். கைப்பிடியில்லாத உறுதியான நாற்காலியின் விளிம்பில் உட்கார்ந்து, கையை ஊன்றாமல் எழுந்து, மூன்று எண்ணும் அளவுக்கு மெதுவாக உட்காருங்கள். எட்டு முறை செய்து, இரண்டு நிமிடம் ஓய்ந்து, இன்னோர் எட்டு. சுவரில் கையூன்றித் தள்ளுவதும் அதே கணக்கு. எடைக்குப் பணம் செலவழிக்க வேண்டாம். காலியான ஐந்து லிட்டர் எண்ணெய் கேன் இரண்டைக் கழுவி, ஒவ்வொன்றிலும் இரண்டு லிட்டர் தண்ணீர் ஊற்றினால் கைக்கு இரண்டு கிலோ. இரண்டு வாரத்துக்கு ஒருமுறை அரை லிட்டர் கூட்டுங்கள். குடத்தை ஒரு பக்க இடுப்பில் சுமப்பதை இதற்கு ஈடாகக் கருத வேண்டாம். எழும்போது மூச்சை அடக்காமல் வெளியே விடுங்கள். ரத்தக் கொதிப்பு உள்ளவர்களுக்கு இது மிக முக்கியம். வேலூர் வெயிலைப் பற்றி உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. கோடை மாதங்களில் காலை ஏழு மணிக்குள் முடித்துவிடுங்கள். கேழ்வரகுக் களியை விட வேண்டாம். அதனுடன் கொள்ளோ முட்டையோ சேரட்டும், வளரும் தசைக்குப் புரதம் தேவை.

எந்தப் பயிற்சிக்குப் பிறகாவது சிறுநீர் டீத்தண்ணீர் நிறத்தில் போனால் அன்றே மருத்துவமனைக்குச் செல்லுங்கள். தசை அளவுக்கு மீறிச் சிதைந்து சிறுநீரகத்தைத் தாக்குவதன் அடையாளம் அது. விரல் மூட்டுகள் வீங்கி, காலையில் ஒரு மணி நேரத்துக்கு மேல் விறைப்பு நீடித்தால், அது பயிற்சி வலியல்ல, மூட்டு மருத்துவர் பார்க்க வேண்டியது.

மூன்று மாதம் கழித்து மறுபடி பரிசோதியுங்கள். அதற்கு முந்தைய நான்கைந்து நாள் பயிற்சிக்கு விடுமுறை. முடிந்தால் அதே ஆய்வகத்தில், அதே முறையில் எடுத்து, ஜனவரிக் காகிதத்துடன் சேர்த்து டாக்டரிடம் காட்டுங்கள். 6.8 வந்த காகிதத்தையும் கொண்டுபோகலாம். அதன் ஓரத்தில் ‘108’ என்று எழுதிவைத்தால் அவருக்குப் புரிந்துவிடும்.