சுவர் மேல சும்மா பூசி விட்டா நிக்காது ப்ரோ

திருவொற்றியூர்ல வீட்டு முன்னாடி தோட்டத்து மண்ணு தாங்க ரெண்டரை அடிக்கு சாலிட் பிளாக் சுவர் கட்டி, இப்ப மேல் பூச்சு விரிஞ்சு ஓரத்துல மண்ணு கரைஞ்சு வருதுன்னு கேட்டீங்கல்ல, ரெண்டுக்கும் தண்ணிதான் காரணம்.

விரிஞ்ச பூச்சை முழுசா கொத்தி எடுத்துருங்க, அது மேலயே பூசுனா திரும்ப உப்பிட்டு வந்துரும். அப்புறம் சுவர் உச்சியில கடப்பா கல்லை ஒரு பங்கு சிமெண்ட், நாலு பங்கு மணல் கலவையில பதிச்சு, ரோட்டுப் பக்கம் ஒரு இன்ச்சாவது வெளிய நீட்டி மூக்கு விடுங்க, அந்த மூக்குக்கு அடியில நீளமா ஒரு காடி, அதாவது சின்ன பள்ளம், வெட்டச் சொல்லுங்க, அப்பதான் தண்ணி சுவர்ல வழியாம சொட்டிரும். கல்லோட வாட்டம் மண்ணு பக்கம் இருக்கணும். எங்க வீட்ல கொத்தனார் வாட்டமே இல்லாம சமமா வச்சுட்டுப் போயிட்டாரு, மழை விட்டா காக்கா வந்து குளிக்கும், ஒரே வருஷத்துல ஜாயிண்ட் எல்லாம் பாசி!

கல்லுக்குப் பதிலா கான்கிரீட்ல கோப்பிங், அதான் சுவர் உச்சிக்கு மூடி, போடலாம், ஆனா மெல்லிசா கம்பி வச்சுப் போடாதீங்க, நம்ம ஏரியா உப்புக் காத்துல கம்பி துருப்பிடிச்சு கான்கிரீட்டையே பிளந்துரும்.

சுவர் முடியுற ஓரம்தான் முக்கியம். சுவரை மொட்டையா நிறுத்துனதாலதான் தண்ணி சுத்திப் போயி மண்ணை இழுக்குது, அதனால எல் மாதிரி திருப்பி ரெண்டு மூணு அடி மேட்டுக்குள்ள கொண்டு போங்க, அதுக்கும் கெட்டி மண்ணு வரைக்கும் கடக்கால் வேணும். தண்ணி வெளிய வர அடியில பைப் ஓட்டை இருக்கா? இல்லன்னா முதல்ல அதைப் போடுங்க, பின்னாடி ஜல்லி கொட்டுங்க. ஐப்பசி மழைக்கு முன்ன முடிச்சுருங்க, புது சிமெண்ட் வேலை மேல ஏழு நாள் ஈரச் சாக்கு போட மறக்காதீங்க.