வாசிம் அக்ரமும் ஒரு சீனியரும் – கடிதமும் பதிலும்

அன்புள்ள அண்ணா,

போன வாரம் இடதுகை பவுலர்கள் பத்தி எழுதினதுல பாகிஸ்தானோட வாசிம் அக்ரமை ரொம்பவே தூக்கி வெச்சு எழுதியிருந்தீங்க. எனக்கு 24 வயசு, அவர் ஆடி நான் பார்த்ததில்ல, எல்லாம் யூட்யூப்தான். இதை ஆபீஸ்ல சொன்னா ஒரு சீனியர் பிடிச்சுக்கிட்டார். "அந்தாளே சொல்லியிருக்கான் கொக்கெய்ன் போட்டேன்னு, மேட்ச் பிக்ஸிங் விசாரணைல ஃபைன் கட்டினவன், அவனைப் போய் பெரிய ஆளுன்னு சொல்றியே"ன்னு கேட்டார். எனக்கு பதில் வரல. ரெண்டு கேள்வி. இவ்வளவு இருந்தும் உங்களால எப்படி அவரை ரசிக்க முடியுது? ரெண்டாவது, அவர் போட்டதுல ஒரே ஒரு பந்து பார்க்கணும்னா எதைப் பார்க்கலாம்?

உங்கள் வாசகன்,
கரூர்

அன்புள்ள தம்பி,

ரெண்டாவது கேள்வி ஈஸி, கடைசில சொல்றேன். முதல் கேள்விக்கு, உங்க சீனியர் பொய் சொல்லலன்னு முதல்லயே ஒத்துக்கிறேன். அவர் சொன்ன ரெண்டும் நடந்ததுதான். ஆனா அவர் கதையை பின்னாடிலேர்ந்து ஆரம்பிச்சுட்டார், நாம முன்னாடிலேர்ந்து வரலாம்.

1984, லாகூர். ஒல்லியா உயரமா ஒரு பையன் நெட்ஸ்ல போட்டதை பாகிஸ்தான் டீமோட பெரிய பேட்ஸ்மேன் ஜாவேத் மியாண்டட் பார்த்துட்டு பிடிவாதமா பிடிச்சு இழுத்துட்டு வந்தார். அதுக்கு முன்னாடி அந்தப் பையன் ஆடினதெல்லாம் பெரும்பாலும் தெருவுலதான், டென்னிஸ் பால்ல இன்சுலேஷன் டேப் சுத்தி ஆடுவாங்களே, அது. நியூசிலாந்து டீமோட ராவல்பிண்டில ஒரு பயிற்சி மேட்ச்ல இறக்கிவிட்டா ஒரே இன்னிங்ஸ்ல 7 விக்கெட். உடனே நியூசிலாந்து டூருக்கு செலக்ட் பண்ணிட்டாங்க. பையன் என்ன கேட்டாராம் தெரியுமா, நான் எவ்வளவு காசு எடுத்துட்டு வரணும்னு. நாட்டுக்கு ஆடினா நமக்குத்தான் காசு தருவாங்கன்னே அவருக்குத் தெரியாது. 1985 ஜனவரில ஆக்லாந்துல முதல் டெஸ்ட், அடுத்த டெஸ்ட் டனிடின்ல, ரெண்டு இன்னிங்ஸ்லயும் அஞ்சு அஞ்சா பத்து விக்கெட். வயசு 18. எனக்கு 18 வயசுல பஸ் பாஸ் ரினியூ பண்ணவே அப்பா கூட வரணும்.

அப்புறம் கேப்டன் இம்ரான் கான் கைல சிக்கினார், சிக்கினார்னுதான் சொல்லணும், மிட் ஆஃப்ல நின்னுக்கிட்டு ஒவ்வொரு பந்துக்கும் ஏதாவது சொல்லிட்டே இருப்பார் இம்ரான். ரிவர்ஸ் ஸ்விங்ங்கிற வித்தை பழைய பாகிஸ்தான் பவுலர் சர்ஃப்ராஸ் நவாஸ்கிட்டேர்ந்து இம்ரானுக்கும், இம்ரான்கிட்டேர்ந்து இவருக்கும் இவரோட ஜோடி பவுலர் வக்கார் யூனிஸுக்கும் வந்த குடும்பச் சொத்து மாதிரி. பாகிஸ்தான் கிரவுண்டெல்லாம் காய்ஞ்சு கெடக்கும், பந்து சீக்கிரம் தேய்ஞ்சுரும், ஒரு பக்கத்தை அப்படியே சொரசொரப்பா விட்டுட்டு இன்னொரு பக்கத்தை மட்டும் வேர்வையும் துடைப்புமா பளபளன்னு வெச்சுக்கிட்டா, 40 ஓவர் கழிச்சு பந்து வழக்கத்துக்கு எதிர்ப்பக்கமா திரும்பும். இதை 1992-ல இங்கிலாந்துல போய் காட்டினப்போ அங்க பேப்பர்லாம் பந்தைச் சுரண்டுறாங்கன்னு கத்தினாங்க. அதே வித்தையை பிற்பாடு இங்கிலாந்துக்காரங்களும் கத்துக்கிட்டப்போ அதுக்குப் பேரு கலை ஆயிடுச்சு, அது வேற கதை.

1992 உலகக் கோப்பை ஃபைனல் நீங்க பார்த்திருப்பீங்க, இங்கிலாந்தோட ஆலன் லாம்ப், கிறிஸ் லூயிஸ், அடுத்தடுத்த ரெண்டு பந்துல ரெண்டு பேரும் போல்டு. அந்த டோர்னமெண்ட் ஆரம்பத்துல அவர் வைடும் நோபாலுமா போட்டுத் தள்ளிட்டு இருந்தார், இம்ரான் நோபால் போனா போகட்டும், வேகத்தைக் குறைக்காதேன்னு சொன்னதா வாசிமே பல பேட்டில சொல்லியிருக்கார். கடைசில அந்த உலகக் கோப்பைலயே அதிக விக்கெட் அவருதான், 18. மொத்தக் கணக்கு டெஸ்ட்ல 414, ஒன்டேல 502. ஒன்டேல முதல்ல 500 தொட்டவர், 2009-ல இலங்கையோட நம்ம முரளிதரன்தான் அதைத் தாண்டினார். பேட்டிங்ல ஒரு டெஸ்ட்ல 257 நாட் அவுட் வேற, ஷேக்குபுரால ஜிம்பாப்வேக்கு எதிரா, 12 சிக்ஸ். எட்டாவதா இறங்கினவர் தம்பி.

இதெல்லாம் விக்கிபீடியாலயே கிடைக்கும். நான் சொல்ல வந்தது 1997-ல அவருக்கு சுகர் வந்ததைப் பத்தி. 30 வயசு, ஃபாஸ்ட் பவுலர், தினம் இன்சுலின் ஊசி. நம்ம வீட்டுல யாருக்காவது சுகர்னா கல்யாண வீட்டுல ஜாங்கிரி வெக்கும்போது ஒரு மூஞ்சி வரும்ல, அந்த வியாதியோட ஒருத்தர் இன்னும் ஆறு வருஷம் இன்டர்நேஷனல் கிரிக்கெட்ல வேகப்பந்து போட்டார். சேப்பாக்கம் டெஸ்டுக்கு வந்தப்போ அவர் சுகர் பேஷன்ட்தான், அதோட கேப்டனும்.

சேப்பாக்கம் 1999 கொஞ்சம் விரிவா சொல்றேன், ஏன்னா உங்களுக்கு அது கேள்விப்பட்ட கதை, எனக்கு அது திருச்சில மாமா வீட்டு டிவி. முதல் டெஸ்ட் டெல்லிலதான் நடக்கணும், சிவசேனாக்காரங்க பிட்சைத் தோண்டிப் போட்டாங்க, அதனால சென்னைக்கு மாத்தினாங்க. பாகிஸ்தான் 12 வருஷம் கழிச்சு இந்தியாவுல ஆடுற டெஸ்ட். இந்தியாவுக்கு 271 டார்கெட், 82-க்கு 5 போயிடுச்சு, அப்புறம் சச்சின், முதுகுவலியோட 136. 17 ரன்தான் வேணும், அவங்க ஸ்பின்னர் சக்லைன் பந்தைத் தூக்கி அடிக்கிறார், மேல போன பந்து கீழ வருது, கேட்ச் பிடிச்சது யாருன்னு நினைக்கிறீங்க, வாசிம்தான். கடைசி நாலு விக்கெட் நாலே ரன்னுக்கு. 12 ரன்ல தோல்வி. மாமா டிவியை ஆஃப் பண்ண எழுந்தார், அப்புறம் பண்ணல. ஏன்னா ஸ்டேடியம் கொஞ்ச நேரம் அப்படியே உறைஞ்சு போயிருந்துட்டு மெதுவா எழுந்து நின்னு கைதட்ட ஆரம்பிச்சுது. பாகிஸ்தான் டீம் ஸ்டேடியத்தைச் சுத்தி ஓடினாங்க, முன்னாடி வாசிம். மாமா ஒன்னுமே சொல்லாம போய் கைகால் கழுவிட்டு சாப்பிட உக்காந்தார். (அடுத்த வாரமே டெல்லில கும்ப்ளே பத்து விக்கெட் எடுத்தாரே, அந்தப் பத்தாவது விக்கெட்டும் வாசிம்தான், கேட்ச் லட்சுமணன். அன்னிக்கு மாமாவைப் பார்க்கணுமே.)

இப்போ உங்க சீனியர் விஷயத்துக்கு வர்றேன். பாகிஸ்தான்ல மேட்ச் பிக்ஸிங்கை விசாரிச்ச நீதிபதி கய்யூமோட அறிக்கை 2000-ல வந்துச்சு. முன்னாள் கேப்டன் சலீம் மாலிக்குக்கு ஆயுள் தடை, பவுலர் அதாவுர் ரஹ்மானுக்கு ஆயுள் தடை. இந்த ரஹ்மான்தான் முதல்ல வாசிம் தனக்குக் காசு தர்றதா சொன்னார்னு சொல்லிட்டு அப்புறம் மாத்திப் பேசினவர். மாத்திப் பேசினதால சாட்சி நிக்கல, வாசிமுக்கு சந்தேகத்தின் பலன். ஆனா நீதிபதி அதோட விடல, இவர் சந்தேகத்துக்கு அப்பாற்பட்டவர் இல்ல, கேப்டனா வெக்காதீங்கன்னு எழுதி மூணு லட்ச ரூபா ஃபைனும் போட்டார். 2006-ல அதே நீதிபதி, வாசிம் மேல எனக்குக் கொஞ்சம் இளகின மனசு இருந்துச்சுன்னு பேட்டில சொல்லி வெச்சார். ஒரு நீதிபதி சொல்லக் கூடாததுலயே இதுதான் முதல் இடம்னு நினைக்கிறேன். வாசிம் கடைசி வரைக்கும் மறுக்கிறார். நான் நிரபராதின்னும் சொல்ல மாட்டேன், குற்றவாளின்னும் சொல்ல மாட்டேன், அந்த இடம் எனக்கு ஒரு முள்ளு மாதிரி அப்படியே இருக்கு. அவர் பவுலிங் பார்க்கும்போது அது குத்தும், குத்தட்டும். 1996 உலகக் கோப்பைல இந்தியாவோட பெங்களூரு குவார்ட்டர் ஃபைனல் அன்னிக்கு காயம்னு அவர் ஆடல, தோத்ததும் சொந்த ஊர்லயே கொடும்பாவி கொளுத்தினாங்க, வீட்டுல கல்லெறிஞ்சாங்க. நிஜமாவே காயமா இருந்தாகூட நம்ப ஆளில்லாத ஒரு நிலைமை, அந்தக் காலத்துப் பாகிஸ்தான் டீம்ல யாருமே யாரையும் நம்பல, 1993-ல இவர் கேப்டனா இருந்தப்போ இவரோட டீமே இவருக்கு எதிரா கிளம்பினது தனி.

கொக்கெய்ன் வேற மாதிரி. அது யாரும் கண்டுபிடிச்சுப் போட்டது இல்ல, 2022-ல தன்னோட சுயசரிதைல அவரே எழுதினது. 2003-ல ரிட்டயர் ஆனதுக்கு அப்புறம் இங்கிலாந்துல ஒரு பார்ட்டில ஆரம்பிச்சிருக்கு. கமெண்டரி, விளம்பரம், வாராவாரம் ஒரு ஏர்போர்ட், கைல காசு, ஆனா பத்தாயிரம் பேர் முன்னாடி ஓடி வந்து பந்து போட்ட அந்த சூடு மட்டும் இல்ல. அதுக்குப் பதிலாத்தான் இதைப் பிடிச்சேன்னு அவரே சொல்றார்.

இங்கதான் அவர் மனைவி ஹூமா வர்றாங்க. தம்பி, என்னைக் கேட்டா வாசிம் கதைல மியாண்டட், இம்ரானை விட முக்கியமான ஆள் இவங்கதான், ஆனா எந்த ஹைலைட்ஸ்லயும் இருக்க மாட்டாங்க. 1995-ல கல்யாணம், சைக்காலஜி படிச்சவங்க, ரெண்டு பசங்க. புருஷன் ஊர் ஊரா சுத்திட்டிருக்க, பசங்களை லாகூர்ல தனியா வளர்த்துக்கிட்டு, அப்பா அம்மா பக்கத்துல இருக்கலாம் கராச்சிக்குப் போயிடலாம்னு கேட்டுட்டே இருந்திருக்காங்க. வாசிம் ஒத்துக்கல. ஏன்னு அவரே எழுதியிருக்கார், வேலைன்னு சொல்லிட்டு தனியா கராச்சிக்குப் போய் பார்ட்டி பண்றதுக்கு அந்த ஊர் தேவைப்பட்டுச்சாம். இதைப் படிச்சப்போ கோபம் வந்துச்சு, பிக்ஸிங் பத்திப் படிச்சப்போகூட அவ்வளவு வரல. ஒருநாள் பர்ஸ்ல பாக்கெட்டைக் கண்டுபிடிச்சது ஹூமாதான். கத்திக் கூப்பாடு போட்டு ஊரைக் கூட்டல, உங்களுக்கு உதவி வேணும்னு சொல்லியிருக்காங்க. லாகூர்ல ஒரு மறுவாழ்வு மையத்துல சேர்ந்தார், வெளில வந்தார், 2009-ல திரும்பவும் வழுக்கினார்.

அதே 2009 அக்டோபர்ல ஹூமாவுக்கு உடம்பு முடியாம போய், உறுப்புகள் ஒன்னொன்னா கைவிட, லாகூர்லேர்ந்து சிங்கப்பூருக்கு ஏர் ஆம்புலன்ஸ்ல கொண்டு போறாங்க. நடுவுல பெட்ரோல் போட விமானம் இறங்கின ஊர் சென்னை. இறங்கறதுக்குள்ள அவங்களுக்கு நினைவு தப்பிடுச்சு. ரெண்டு பேருமே பாகிஸ்தான் பாஸ்போர்ட், இந்திய விசா கிடையாது. 26/11 நடந்து ஒரு வருஷம்கூட ஆகாத நேரம், யோசிச்சுப் பாருங்க. ஏர்போர்ட்ல நின்னு அழுதுட்டிருந்த ஆளை அங்கிருந்தவங்க அடையாளம் கண்டுக்கிட்டாங்க. செக்யூரிட்டி, கஸ்டம்ஸ், இமிக்ரேஷன் எல்லாரும், விசாவை நாங்க பார்த்துக்கறோம், நீங்க முதல்ல ஆஸ்பத்திரிக்குக் கிளம்புங்கன்னு சொல்லி அனுப்பியிருக்காங்க. ஒரு கிரிக்கெட் பிளேயராவும் மனுஷனாவும் இதை மறக்க முடியாதுன்னு அவர் பின்னாடி சொன்னார்.

ஹூமா பிழைக்கல. அக்டோபர் 25, சென்னைலயே இறந்துட்டாங்க. 42 வயசு.

அந்த இமிக்ரேஷன் கவுன்டர்ல இருந்தவர் யாரோ எனக்குத் தெரியாது. அவர் 1999-ல சேப்பாக்கத்துல எழுந்து நின்னவரா, இல்ல என் மாமா மாதிரி டிவியை ஆஃப் பண்ண எழுந்தவரா, இல்ல கிரிக்கெட்டே பார்க்காதவரான்னுகூட தெரியாது. ஆனா அந்த நேரத்துல அவர் கய்யூம் அறிக்கையைப் புரட்டிட்டு இருக்கலங்கிறது மட்டும் உறுதி.

அதுக்கப்புறம் கொக்கெய்ன் பக்கமே போகலன்னு வாசிம் எழுதறார், தன்னைக் குணப்படுத்தினதுதான் ஹூமா கடைசியா செஞ்ச காரியம்னு. 2013-ல ஷனீராங்கிற ஆஸ்திரேலியப் பெண்ணைக் கல்யாணம் பண்ணி, ஒரு பொண்ணு பொறந்து, இப்போ டிவில நரைச்ச தாடியோட ஜோக் அடிச்சுட்டு இருக்கற ஆளைத்தான் உங்களுக்குத் தெரியும். அந்த ஆளை எனக்கும் பிடிக்கும், ஆனா கராச்சிக்குப் போகலாமான்னு கேட்டுட்டே இருந்த ஒரு குரல் அந்தச் சிரிப்புக்குப் பின்னாடி எனக்குக் கேட்டுக்கிட்டே இருக்கு, என்ன பண்றது.

ஆக உங்க சீனியர்கிட்ட, நீங்க சொன்னது சரிதான் சார்னு சொல்லிடுங்க. வாதாட வேண்டாம். எப்படி ரசிக்கறேன்னு கேட்டா, தெரிஞ்சுகிட்டே ரசிக்கறேன், அவ்வளவுதான். ஒருத்தர் சுத்தமா இருந்தாத்தான் பார்ப்பேன்னா நான் 1999-க்கு அப்புறம் கிரிக்கெட்டே பார்த்திருக்க முடியாது, நம்ம பக்கத்துலயும் என்னென்ன நடந்துச்சுன்னு அவருக்கே ஞாபகம் இருக்கும்.

இப்போ ரெண்டாவது கேள்வி. எல்லாரும் லாம்ப் பந்தைத்தான் சொல்வாங்க. நான் சொல்றது அதே சேப்பாக்கம், ரெண்டாவது இன்னிங்ஸ், டிராவிட். டிராவிட் 10-ல இருக்கார், அவரோட டிஃபென்ஸைத் தாண்டி பந்து உள்ள போறதே அபூர்வம். சின்ன ரன்அப், கை சுத்தறதே தெரியாது, பந்து லெக் ஸ்டம்ப் பக்கமா உள்ள வருது, டிராவிட் ரூல் புக்ல இருக்கற மாதிரியே பேட்டை நேரா வெக்கறார், குத்தினதும் வெளிய போய் ஆஃப் ஸ்டம்ப்பை உரசிட்டுப் போகுது. முதல்தடவை சாதாரணமா பாருங்க. ரெண்டாவது தடவை டிராவிட்டோட காலை மட்டும் பாருங்க, அவர் எந்தத் தப்பும் பண்ணலன்னு தெரியும்.