ரோடாப்சினை நானோடிஸ்க்கில் ஏற்றிய பிறகு 280/500 விகிதம் ஏறுவது ஏன்? புரதம் கெட்டுவிட்டதா?

கேட்டவர் மாட்டுக் கண்ணின் ஒளியுணர் புரதமான ரோடாப்சினை டிடிஎம் என்ற டிடர்ஜென்ட்டில் சுத்தப்படுத்தி, எம்எஸ்பி1டி1 என்ற பட்டைப் புரதத்தையும் பிஓபிசி என்ற லிப்பிடையும் சேர்த்து, பட்டை சுற்றிய சின்ன லிப்பிட் தட்டான நானோடிஸ்க் ஆக்கியிருக்கிறார். 280, 500 நானோமீட்டர் உறிஞ்சல்களின் விகிதம் 1.7-லிருந்து 3-க்கு வந்துவிட்டது. ஜெல் ஃபில்ட்ரேஷனில் பாதி சரக்கு வாய்ட் வால்யூமிலேயே, அதாவது மிகப் பெரிய துகள்கள் வரும் முதல் பகுதியிலேயே, இறங்குகிறது. இவை இரண்டும் வெவ்வேறு பிரச்சினைகள். முதலாவது பிரச்சினையே இல்லாமல் இருக்கலாம்.

ஒரு டிஸ்க்கைச் சுற்றி இரண்டு எம்எஸ்பி1டி1 பட்டைகள் இருக்கின்றன. சுத்தப்படுத்த ஒட்டிய டேக் உள்ள பட்டை ஒன்றின் 280 நானோமீட்டர் உறிஞ்சல் கெழு சுமார் 21,000, இரண்டுக்கும் 42,000. ரோடாப்சினின் 500-க்கு உரிய கெழு 40,600. ஆக, பழைய 1.7-உடன் 42,000/40,600 கூடி, துளிகூடக் கெடாத ரோடாப்சின் டிஸ்க்கிலேயே விகிதம் 2.7 பக்கம் வந்துவிடும். காலி டிஸ்க் கொஞ்சம் கலந்திருந்தால் 3 சாதாரணம். டிஸ்க்கில் ஏற்றிய பிறகு இந்த விகிதத்தை வைத்துத் தரம் பார்க்கவே கூடாது. இருட்டில் ஒரு ஸ்பெக்ட்ரம், வெளிச்சம் காட்டி வெளுக்கவைத்து இன்னொன்று, இரண்டையும் கழித்து 500-இல் வரும் வித்தியாசத்தை 40,600-ஆல் வகுங்கள். அதுதான் உயிரோடு இருக்கும் ரோடாப்சின். வெளுக்கவைக்கும் முன் நடுநிலையாக்கிய ஹைட்ராக்ஸிலமின் 20 மில்லிமோலார் சேர்த்துவிடுங்கள். அதைச் சேர்த்ததும் இருட்டிலேயே 500 இறங்க ஆரம்பித்தால் புரதத்தின் மடிப்பு தளர்ந்திருக்கிறது. நல்ல ரோடாப்சின் இருட்டில் அதற்கு அசையாது.

டயோடு அர்ரே கருவியில் அளக்காதீர்கள். விளக்கின் முழு வெளிச்சமும் குவெட்டுக்குள் பாய்வதால், அளக்கும்போதே மாதிரி வெளுக்கும். மோனோகுரோமேட்டருக்குப் பிறகு மாதிரி இருக்கும் பழைய வகை ஸ்கேனிங் கருவிதான் நல்லது. அறையில் 650 நானோமீட்டருக்கு மேலான மங்கிய சிவப்பு வெளிச்சம் மட்டும்.

இப்போது வாய்ட் பீக். பெரும்பாலும் லிப்பிட் அதிகமாகிவிட்டது என்று அர்த்தம். பிஓபிசி-க்கு எம்எஸ்பி1டி1 ஒன்றுக்கு 65 லிப்பிட். டிஎம்பிசி என்ற வேறொரு லிப்பிடுக்கான 80-ஐ அப்படியே போட்டால் மிஞ்சியது லைப்போசோம் ஆகிவிடும். குளோரோஃபார்மைக் காயவைக்கும்போது தவறும் அளவும் இங்கேதான் வந்து சேரும். லிப்பிடைப் பாஸ்பேட் அளவீட்டில் சரிபார்த்துவிடுங்கள். 55, 65, 75 என மூன்று விகிதங்களில் காலி டிஸ்க் மட்டும் செய்து பார்த்தால் ரோடாப்சின் வீணாகாது.

1 மில்லிக்கு ஒரு கணக்கு: எம்எஸ்பி 100 மைக்ரோமோலார், பிஓபிசி 6.5 மில்லிமோலார், லிப்பிடைக் கரைக்கும் டிடர்ஜென்ட்டான சோடியம் கோலேட் 20 மில்லிமோலார், ரோடாப்சின் 10 மைக்ரோமோலார். 50 மைக்ரோமோலார் டிஸ்க்குக்கு 10 ரோடாப்சின். எழுந்தமானமாக ஏறினால் நிரம்பிய டிஸ்க்குகளில் பத்தில் ஒன்றில்தான் இரண்டு இருக்கும். தனித்தனி மூலக்கூறு வேண்டாம் என்றால் மட்டும் ரோடாப்சினைக் கூட்டுங்கள். லிப்பிட்-கோலேட் கலவை கண்ணாடிபோல் தெளிந்த பிறகே புரதம் சேர்க்க வேண்டும், லேசாகக் கலங்கியிருந்தாலும் சோனிகேட் செய்யுங்கள். ஒரு மணி நேரம் 4 டிகிரியில் வைத்து, மெத்தனாலிலும் நீரிலும் பஃபரிலும் கழுவிய டிடர்ஜென்ட்டை உறிஞ்சும் பயோ-பீட்ஸ் ஈரமாக 0.6 கிராம் போட்டு இரவு முழுக்க மெதுவாகச் சுழற்றுங்கள். பீட்ஸை எடுக்க மெல்லிய ஊசி போதும், சென்ட்ரிஃபியூஜ் வேண்டாம். டிடிஎம் எளிதில் வெளியேறாது, எனவே ரோடாப்சினை அடர்த்தியாகவே தயாரித்துக் குறைந்த கன அளவில் சேருங்கள்.

காலி டிஸ்க்கைப் பிரிக்க, ரோடாப்சினின் சி முனையை 1டி4 ஆன்டிபாடியில் பிடியுங்கள். அளவு வித்தியாசத்தை வைத்து மட்டும் ஜெல் ஃபில்ட்ரேஷன் இவற்றைப் பிரிக்காது.

இன்னொன்றும் குழப்பும். டிடிஎம்மில் வெளிச்சம் பட்டதும் 380-க்குத் தாவிய ரோடாப்சின், டிஸ்க்கில் 480 பக்கமே நின்றுவிடலாம். அது வெளிச்சம் பட்ட ரோடாப்சினின் இடைநிலையான மெட்டா-1 (அடுத்த நிலையான மெட்டா-2-தான் 380-இல் இருக்கும்), குளிரும் உயர்ந்த பிஎச்-உம் அதன் பக்கம் சாய்க்கும். பிஎச் 6, 20 டிகிரியில் மறுபடி பாருங்கள். 380-இல் இருப்பது மெட்டா-2-தானா, புரதத்திலிருந்து கழன்றுபோன நிறமியான ரெட்டினாலா என்று தெரிய, ஹைட்ராக்ஸிலமின் சேர்க்காத மாதிரியில் அமிலம் விட்டு பிஎச்-ஐ 2-க்கு இறக்குங்கள். 440-க்கு நகர்ந்தால் ரெட்டினாலைப் புரதத்தோடு இணைக்கும் ஷிஃப் பிணைப்பு இன்னும் இருக்கிறது. நகராவிட்டால் ரெட்டினால் வெளியே வந்துவிட்டது.