காப்பீடு கேள்வி-பதில்: ஹாங்காங்கில் அரசுச் சான்று பெற்ற பாலிசியா, பழைய தனியார் பாலிசியா?

(இந்தப் பகுதியில் வரும் தொகைகள் எல்லாம் ஹாங்காங் டாலரில்.)

கேள்வி: ஏஜென்ட் ஒருவர், "இது அரசாங்கத்தின் இன்ஷூரன்ஸ், பழையதை விட்டுவிட்டு இதற்கு வந்துவிடுங்கள்" என்று வற்புறுத்துகிறார். 2012-ல் எடுத்த தனியார் மருத்துவ பாலிசி ஒன்று எனக்கு ஓடிக்கொண்டிருக்கிறது. மாறலாமா? – துங் சுங் வாசகர்

பதில்: முதலில் அந்த "அரசாங்கத்தின் இன்ஷூரன்ஸ்" என்ற பேச்சைத் தள்ளி வையுங்கள். ஏஜென்ட் சொல்வது 2019 ஏப்ரல் 1-ல் தொடங்கிய விருப்ப மருத்துவக் காப்பீட்டுத் திட்டம், அதாவது வி.எச்.ஐ.எஸ். இதிலும் பிரீமியம் வாங்குவதும் கிளெய்ம் கொடுப்பதும் தனியார் கம்பெனிகள்தான். பாலிசியில் குறைந்தபட்சம் என்னென்ன இருக்க வேண்டும் என்று அரசு விதி வகுத்து, அதற்குப் பொருந்தும் திட்டங்களுக்குச் சான்று எண் கொடுக்கிறது. எண் 'எஸ்' என்ற எழுத்தில் தொடங்கினால் ஸ்டாண்டர்ட் திட்டம், 'எஃப்' என்றால் ஃபிளெக்ஸி. ஸ்டாண்டர்ட் எந்தக் கம்பெனியில் எடுத்தாலும் உள்ளடக்கம் ஒன்றுதான், பிரீமியம்தான் மாறும். ஃபிளெக்ஸியில் அதற்கு மேல் என்ன வேண்டுமானாலும் சேர்க்கலாம், அதற்குக் கீழே இறங்கக் கூடாது. எண்ணே இல்லாமல் "அதே மாதிரிதான் சார்" என்று யாராவது சொன்னால் அது வி.எச்.ஐ.எஸ். கிடையாது.

சான்று இருக்கிறது என்பதற்காகத் தொகை பெரிதாக இருக்கும் என்று நினைக்க வேண்டாம். சான்றின் மதிப்பு நிபந்தனைகளில் இருக்கிறது. 100 வயது வரை புதுப்பித்துத் தரக் கம்பெனி கடமைப்பட்டது. இடையில் உடல்நிலை கெட்டுப்போனது என்று மறுபடி மருத்துவப் பரிசீலனை செய்யவோ, உங்கள் கிளெய்மைக் காரணம் காட்டி உங்களுக்கு மட்டும் பிரீமியத்தை ஏற்றவோ முடியாது. ஸ்டாண்டர்டில் வாழ்நாள் உச்சவரம்பு இல்லை. சேரும்போது உங்களுக்கே தெரியாமல் உடம்பில் இருந்த நோய்க்கும் படிப்படியாகப் பணம் உண்டு.

இதை மனதில் வைத்துக்கொண்டு உங்கள் 2012 பாலிசியின் விதிமுறைப் புத்தகத்தை எடுங்கள். விளம்பரத் தாள் உதவாது. "புதுப்பித்தல்" என்ற பிரிவில் உத்தரவாதம் என்று எழுதியிருக்கிறதா, "கம்பெனியின் விருப்பத்துக்கு உட்பட்டு" என்று எழுதியிருக்கிறதா? வாழ்நாள் உச்சவரம்பு உண்டா, எந்த வயதோடு பாலிசி முடிகிறது? "ஏற்கெனவே உள்ள நோய்" என்பதற்கான விளக்கத்தில், தெரிந்ததோ தெரியாததோ எல்லாம் விலக்கு, அதாவது பணம் கிடையாது, என்று வருகிறதா? இந்த மூன்றிலும் பாலிசி தேறி, அறை வாடகை, சர்ஜன் கட்டணம் என ஒவ்வொரு செலவு இனத்துக்குமான வரம்பும் ஸ்டாண்டர்டைவிட அதிகமாக இருந்தால், வி.எச்.ஐ.எஸ். பிரீமியத்துக்குக் கிடைக்கும் வரிச்சலுகைக்காக மட்டும் மாறுவது நஷ்டக் கணக்கு. பழைய பாலிசிகளில் சில உண்மையிலேயே தாராளமானவை.

மாறுவதென்றே முடிவெடுத்தால் வரிசை முக்கியம். 2019-க்கு முன் எடுத்த பாலிசி என்பதால், உங்கள் கம்பெனி வி.எச்.ஐ.எஸ். திட்டத்தில் சேர்ந்திருந்தால், மாற்றிக்கொள்ளும் வாய்ப்பு தருகிறதா என்று முதலில் அங்கேயே கேளுங்கள். உடல்நிலை மறுபரிசீலனை உண்டா, தெரியாத நோய்க்கான காத்திருப்பு ஆண்டுகள் புதிதாகத் தொடங்குமா என்ற இரண்டு கேள்விக்கும் எழுத்தில் பதில் வாங்குங்கள். வேறு கம்பெனிக்குப் போனால் எல்லாம் முதலிலிருந்துதான். புதிய பாலிசி கைக்கு வந்து, அதில் விலக்கோ கூடுதல் பிரீமியமோ போட்டிருக்கிறார்களா என்று பார்த்த பிறகே பழையதை நிறுத்துங்கள். பாலிசி கிடைத்த நாளிலிருந்து 21 நாள் அவகாசம் உண்டு. பிடிக்கவில்லை என்றால், கிளெய்ம் எதுவும் வாங்காத பட்சத்தில், கட்டியது திரும்பக் கிடைக்கும். பழையதை முதலில் ரத்து செய்துவிட்டு, பின்பு புதியதில் "சர்க்கரை நோய் விலக்கு" என்று பார்த்துத் திகைப்பவர்கள்தான் அதிகம்.

கேள்வி: ஸ்டாண்டர்ட் திட்டத்தில் ஆண்டுக்கு 4,20,000 டாலர் வரை என்று போட்டிருக்கிறது. அப்படியானால் ஒரு லட்சம் டாலர் ஆஸ்பத்திரி பில் முழுவதும் வந்துவிடும்தானே? – சுன் வான் வாசகி

பதில்: வராது. 4,20,000 என்பது ஆண்டு முழுவதற்குமான கூரை. அதற்குக் கீழே ஒவ்வொரு இனத்துக்கும் தனி வரம்பு உண்டு, கிளெய்ம் வெட்டுப்படுவது அங்கேதான்.

ஒரு பில்லைப் போட்டுப் பார்ப்போம். அரசின் அறுவை சிகிச்சைப் பட்டியலில் "இடைநிலை" என்று வகைப்படுத்தப்பட்ட ஓர் ஆபரேஷன், தனியார் ஆஸ்பத்திரியில் மூன்று நாள் தங்கல். அறை வாடகை நாளுக்கு 750 வரை: 2,250. டாக்டர் தினமும் வந்து பார்க்கும் கட்டணம், அதுவும் நாளுக்கு 750: 2,250. சர்ஜன் கட்டணம் இடைநிலைக்கு 12,500. மயக்க மருந்து நிபுணருக்கு, சர்ஜன் கணக்கில் தரப்படும் தொகையில் 35 சதவீதம்: 4,375. ஆபரேஷன் தியேட்டருக்கும் அதே 35 சதவீதம்: 4,375. மருந்து, கட்டுத்துணி, ரத்தப் பரிசோதனை போன்ற இதர செலவுகளுக்கு ஆண்டுக்கு 14,000. எல்லா இனத்திலும் பில் வரம்பைத் தாண்டியிருந்தால் மொத்தம் 39,750. பில் 95,000 என்றால் 55,250 உங்கள் கையிலிருந்து.

அந்த 35 சதவீதத்தைக் கவனியுங்கள். சர்ஜன் 10,000 மட்டுமே வாங்கினால் மற்ற இரண்டும் 3,500-ஆகச் சுருங்கிவிடும். வகைப்பாடும் அப்படித்தான்: சிறியது 5,000, இடைநிலை 12,500, பெரியது 25,000, சிக்கலானது 50,000. எனவே தேதி குறிக்கும் முன் டாக்டரிடம் ஆபரேஷனின் சரியான பெயரை எழுதி வாங்கி, அது எந்த வகை என்று பட்டியலில் பார்த்துவிடுங்கள். பட்டியல் வி.எச்.ஐ.எஸ். இணையதளத்திலேயே இருக்கிறது. ஆஸ்பத்திரியில் செலவு மதிப்பீட்டையும் இனவாரியாகக் கேளுங்கள். மொத்தத் தொகை மட்டும் சொன்னால் ஒப்பிடவே முடியாது.

ஸ்கேனுக்குத் தனிக் கணக்கு. சி.டி., எம்.ஆர்.ஐ., பெட் ஸ்கேன்களுக்கு ஆண்டுக்கு 20,000 வரை, அதில் 30 சதவீதம் உங்கள் பங்கு. 9,000 டாலர் எம்.ஆர்.ஐ.க்கு 6,300 வரும். டாக்டரின் எழுத்துப் பரிந்துரை இல்லாமல் எடுத்தால் எதுவும் வராது. கீமோதெரபி, ரேடியோதெரபி, டார்கெட்டட் தெரபி (புற்றுநோய்ச் செல்களைக் குறிவைக்கும் மருந்து) போன்ற புற்றுநோய் சிகிச்சைகளுக்கு ஆண்டுக்கு 80,000. கீமோவுக்கு ஓரளவு உதவும். டார்கெட்டட் தெரபி மருந்துகளின் விலைக்கு முன்னால் அது சீக்கிரம் கரைந்துவிடும். புற்றுநோய்தான் உங்கள் பெரிய பயம் என்றால் ஃபிளெக்ஸியைப் பாருங்கள், அல்லது ஸ்டாண்டர்டோடு தனியாக ஒரு தீவிர நோய் பாலிசி (பெரிய நோய் கண்டறியப்பட்டால் ஒரு தொகையை மொத்தமாகத் தருவது) வைத்துக்கொள்ளுங்கள். இரண்டாவதற்கு வரிச்சலுகை கிடையாது.

கேள்வி: அரசு ஆஸ்பத்திரி இருக்கும்போது இதெல்லாம் எதற்கு? – ஹங் ஹோம் வாசகர்

பதில்: ஹாங்காங் அடையாள அட்டை உள்ளவருக்கு 2026 ஜனவரி 1 முதல் பொது வார்டு நாளுக்கு 300 டாலர்தான். உயிர் போகும் அவசரத்துக்கு அங்கேதான் போக வேண்டும், பாலிசி இருந்தாலும்கூட. அவசரமில்லாத ஆபரேஷனுக்கான நீண்ட காத்திருப்புதான் தனியார் பக்கம் ஆளைத் தள்ளுகிறது. அந்தக் காத்திருப்பு உங்களுக்குப் பிரச்சினை இல்லை, சேமிப்பும் இருக்கிறது என்றால், பாலிசி இல்லாமல் இருப்பதும் ஒரு நியாயமான முடிவுதான்.

கேள்வி: அலுவலகத்தில் குரூப் இன்ஷூரன்ஸ் இருக்கிறது. சொந்தமாக ஒன்று எடுப்பது இரட்டைச் செலவாகாதா? – சிம் ஷா சுய் வாசகர்

பதில்: வேலை போன அன்று குரூப் பாலிசியும் போகும். 58 வயதில், ரத்த அழுத்தத்தோடும் கொழுப்போடும் போய்ப் புதிய பாலிசி கேட்பதுதான் சிரமம். அதனால் உடம்பு நன்றாக இருக்கும்போதே ஒன்று எடுத்து வைப்பது நல்லது, ஆனால் முழு விலை கொடுக்கத் தேவையில்லை.

இதற்கு ஏற்றது டிடக்டிபிள் உள்ள ஃபிளெக்ஸி. ஒவ்வோர் ஆண்டும் முதலில் ஒரு தொகை வரை நம் பொறுப்பு, அதற்கு மேல் கம்பெனி. டிடக்டிபிள் கூடக் கூட பிரீமியம் நன்றாக இறங்கும். குரூப் பாலிசி கொடுத்த பணமே டிடக்டிபிளாகக் கணக்கில் எடுத்துக்கொள்ளப்படும் திட்டமாகப் பாருங்கள். பில் 95,000, குரூப் 40,000 கொடுத்தது, உங்கள் டிடக்டிபிள் 25,000 என்றால், மீதி 55,000-ஐ ஃபிளெக்ஸியிடம் கேட்கலாம். அசல் ரசீது முதல் கம்பெனிக்குப் போய்விடும். அதனால் சான்றிட்ட நகலையும், அவர்கள் எவ்வளவு கொடுத்தார்கள் என்ற கடிதத்தையும் கேட்டு வாங்குங்கள்.

ஓய்வுபெறும் வயதில் மறுபரிசீலனை இல்லாமல் டிடக்டிபிளைக் குறைத்துக்கொள்ள அனுமதிக்கும் திட்டங்களும் உண்டு. அந்த வரி பாலிசியில் இருக்கிறதா என்று தேடுங்கள். இன்னொன்று, "முழுச் செலவும்" தரும் ஃபிளெக்ஸிகளில் வார்டு வகுப்பு நிர்ணயிக்கப்பட்டிருக்கும். பொது வார்டு பாலிசியை வைத்துக்கொண்டு தனி அறையில் படுத்தால், அறை வாடகை மட்டுமில்லாமல் மொத்த கிளெய்ம் தொகையும் பாதியைவிடக் கீழே இறங்கலாம்.

கேள்வி: வரியில் ஆளுக்கு 8,000 டாலர் மிச்சம் என்கிறார்களே! சென்னையில் இருக்கும் அப்பா அம்மாவுக்கும் எடுக்கலாமா? – துங் சுங் வாசகி

பதில்: 8,000 என்பது வரியில் மிச்சமாகும் தொகை இல்லை, வருமானத்தில் கழித்துக்கொள்ளும் உச்சவரம்பு. ஆண்டுப் பிரீமியம் 7,200, நீங்கள் 17 சதவீத வரம்பில் இருக்கிறீர்கள் என்றால் கைக்கு மிஞ்சுவது 1,224. கணவன், மனைவி, பிள்ளைகள், இரு பக்கப் பெற்றோர், தாத்தா பாட்டி, உடன்பிறந்தோர் என எத்தனை பேருக்குக் கட்டினாலும் ஒவ்வொருவருக்கும் தனித்தனியே கோரலாம். ஆனால் பெற்றோருக்கு 55 வயது நிறைந்திருக்க வேண்டும் (உடற்குறை உதவித்தொகைக்குத் தகுதி இருந்தால் வயது பார்ப்பதில்லை), ஹாங்காங் அடையாள அட்டையும் இருக்க வேண்டும். சென்னையிலேயே இருப்பவர்களுக்கு இது பொருந்தாது. பாலிசி உங்கள் பெயரிலோ உங்கள் கணவர் பெயரிலோ இருக்க வேண்டும் என்பதையும் மறக்காதீர்கள். முதலாளி கட்டும் குரூப் பிரீமியத்துக்கும், சான்று பெறாத பாலிசிக்கும் கழிவு இல்லை.

கேள்வி: எனக்குச் சர்க்கரை உண்டு, மாத்திரையில் கட்டுக்குள் இருக்கிறது. "எழுதாதீர்கள், அரசுத் திட்டத்தில் பழைய நோய்க்கும் பணம் வரும்" என்று நண்பர் சொல்கிறார். – யாவ் மா தேய் வாசகர்

பதில்: நண்பர் பாதி விதியைத்தான் படித்திருக்கிறார். பணம் வருவது, விண்ணப்பிக்கும்போது உங்களுக்குத் தெரியாமல் இருந்த நோய்க்கு: முதல் ஆண்டு ஒன்றும் இல்லை, இரண்டாம் ஆண்டு 25 சதவீதம், மூன்றாம் ஆண்டு 50, நான்காம் ஆண்டிலிருந்து முழுவதும். மேலே போட்ட 39,750 கணக்கே இரண்டாம் ஆண்டில் வந்தால் ஏறக்குறைய 9,940-தான். தெரிந்த நோயை மறைத்தால் பாலிசியே செல்லாமல் போகலாம். கிளெய்ம் வந்ததும் கம்பெனி உங்கள் பழைய மருத்துவக் குறிப்புகளைத்தான் முதலில் கேட்கும், மாத்திரைச் சீட்டு அதில் இருக்கும். எழுதிக் கொடுத்தால் மூன்றில் ஒன்று நடக்கும்: கூடுதல் பிரீமியம், அந்த நோய்க்கு மட்டும் விலக்கு, அல்லது மறுப்பு. ஆம், சான்று பெற்ற திட்டத்திலும் கம்பெனி மறுக்கலாம். கடைசி மூன்று எச்.பி.ஏ.1.சி. (சில மாதச் சராசரி சர்க்கரை அளவைக் காட்டும் ரத்தப் பரிசோதனை) அறிக்கைகளை இணைத்து இரண்டு மூன்று கம்பெனிகளில் விண்ணப்பித்துப் பாருங்கள், ஒவ்வொன்றின் முடிவும் வேறாக இருக்கலாம்.

கேள்வி: பிரசவம், பல், கண்ணாடி? – பெயர் குறிப்பிடாத வாசகி

பதில்: ஸ்டாண்டர்டில் மூன்றும் கிடையாது. விபத்தினால் ஆஸ்பத்திரியில் சேர்ந்து தங்கியிருக்கும்போது செய்யும் அவசரப் பல் சிகிச்சை மட்டும் விதிவிலக்கு. பிரசவம் வேண்டுமென்றால் அதைச் சேர்த்துத் தரும் உயர்விலைத் தனியார் பாலிசிகளைப் பாருங்கள். அவற்றில் காத்திருப்புக் காலம் உண்டு, கர்ப்பம் உறுதியான பிறகு எடுத்துப் பயனில்லை.

கேள்வி: சென்னைக்குப் போய் ஆபரேஷன் செய்துகொண்டு வந்தால் கிளெய்ம் செய்யலாமா? – ஹங் ஹோம் வாசகி

பதில்: ஸ்டாண்டர்டில் செய்யலாம். மனநல சிகிச்சை தவிர மற்றவற்றுக்கு உலகம் முழுவதும் செல்லும், ஆஸ்பத்திரியையும் நீங்களே தேர்ந்தெடுக்கலாம். ஃபிளெக்ஸியில் கூடுதல் பலன்கள் குறிப்பிட்ட பகுதிக்கு மட்டும் என்று இருக்கலாம், அதற்கு வெளியே ஸ்டாண்டர்ட் அளவுதான் கிடைக்கும்.

சிக்கல் வருவது பில்லில். நம் ஊர் ஆஸ்பத்திரிகள் "பேக்கேஜ்" என்று ஒரே தொகையாக எழுதிக் கொடுத்துவிடும். இங்கே கம்பெனி இனவாரியாகத்தான் கணக்குப் போடும், எனவே கிளெய்ம் அப்படியே நின்றுவிடும். டிஸ்சார்ஜ் ஆகும் முன்பே அறை, சர்ஜன், மயக்க மருந்து, தியேட்டர், மருந்து எனப் பிரித்த பில்லும், நோயின் பெயர், ஆபரேஷனின் பெயர், சேர்ந்த தேதி, வெளிவந்த தேதி எல்லாம் உள்ள டிஸ்சார்ஜ் சம்மரியும், கையெழுத்திட்ட அசல் ரசீதுகளும் வாங்கிவிடுங்கள். கம்பெனியின் கிளெய்ம் படிவத்தில் டாக்டர் நிரப்ப வேண்டிய பக்கத்தை இங்கிருந்தே எடுத்துப் போங்கள். வெறும் பரிசோதனைக்காகப் படுக்கையில் சேர்ந்தால் அந்தத் தங்கல் முழுவதும் தள்ளுபடியாகும். டிஸ்சார்ஜ் ஆன நாளிலிருந்து 90 நாளுக்குள் கிளெய்ம் கொடுக்க வேண்டும். ஓய்வெடுத்துவிட்டு நிதானமாகத் திரும்பலாம் என்று நினைப்பவர்கள் காகிதங்களை முன்னதாகவே அனுப்பிவிடுவது நல்லது.