மறு: இடக்குறி கொடுத்தாயிற்று, கூரையில் சின்னமும் வரைந்தாயிற்று. போதுமா?

சூடானில் உங்கள் மருத்துவமனையின் இடக்குறியை (ஜிபிஎஸ் எண்களை) ராணுவம், அதோடு போரிடும் ஆர்எஸ்எஃப் துணை ராணுவப் படை என இரு தரப்புக்கும் மின்னஞ்சலில் அனுப்பிவிட்டதாக எழுதியிருக்கிறீர்கள். அது போதாது.

ஆப்கானிஸ்தானின் குண்டூஸில் எல்லைகளற்ற மருத்துவர்கள் அமைப்பும் தன் மருத்துவமனையின் இடக்குறியை முன்கூட்டியே கொடுத்திருந்தது. 2015 அக்டோபர் 3 அன்று அதைச் சுட்ட அமெரிக்க விமானக் குழுவிடம் அந்த விவரம் இல்லை. 42 பேர் இறந்தார்கள். எனவே அனுப்பியதோடு விடாதீர்கள். எண்களை இரு தரப்பையும் வாயால் திருப்பிச் சொல்ல வையுங்கள், எழுத்தில் ஒப்புகை வாங்குங்கள். தளபதி மாறினால் மறுபடியும் முதலிலிருந்து.

பிழை பெரும்பாலும் எண்களை எழுதும் முறையில்தான் வரும். அட்சரேகையைத் தசமப் பாகையில் 15.30 என்று (அதாவது 15 பாகை 18 நிமிடம்) கொடுத்ததை 15 பாகை 30 நிமிடம் என்று ஒருவர் படித்தால், இடம் சுமார் 22 கி.மீ. வடக்கே போய்விடும். தசமத்துக்குப் பின் ஐந்து இலக்கம் கொடுங்கள். ஒவ்வொரு கட்டடத்துக்கும் தனியாக, ஜெனரேட்டர் அறையையும் சேர்த்து.

கூரைச் சின்னத்துக்கு இரவில் விளக்கு வேண்டும். 2024 ஏப்ரல் 1 அன்று காசாவில் தாக்கப்பட்ட உணவு உதவி வண்டிகளின் கூரைச் சின்னம் இருட்டில் தெரியவில்லை என்றது இஸ்ரேல் ராணுவம். விளக்கும் முழுக் காப்பல்ல, குண்டூஸ் மருத்துவமனை வெளிச்சமாகத்தான் இருந்தது. சரி, நீங்கள் வரைந்தது செம்பிறையா (போரில் மருத்துவப் பணியைக் காக்கும் சிவப்புப் பிறைச் சின்னம்)? அரசின் அனுமதிச் சான்று இல்லையென்றால் அழித்துவிட்டு உங்கள் அமைப்பின் சின்னத்தைப் போடுங்கள்.

துப்பாக்கியோடு யாரும் வாசல் தாண்டக் கூடாது. காயம்பட்டவர்களிடம் வாங்கி வைத்த ஆயுதத்தால் மருத்துவமனைக்குப் போர்ச் சட்டம் தரும் பாதுகாப்பு போய்விடாது. என்றாலும் குவியவிடாமல் உடனுக்குடன் உரியவர்களிடம் ஒப்படைத்துவிடுங்கள். கட்டில்களைச் சன்னலிலிருந்து தள்ளிப் போட இன்றைக்கே ஆள் வையுங்கள்.