நைரோபியில கடை போட எம்பிஏ போதுமா?

கேள்வி: எம்பிஏ முடிச்சிருக்கேன் சார். கென்யால சொந்தமா பிசினஸ் பண்ண ஆசை. படிச்சது அங்க உதவுமா?

பதில்: கேஷ் ஃப்ளோ பாடம் உதவும் தம்பி, மார்க்கெட்டிங்க அங்க போய்தான் கத்துக்கணும். நானும் எம்பிஏ முடிச்சிட்டு நைரோபில மளிகை சப்ளை பண்ணவன்தான். தெருமுனை டுகா கடைல சமையல் எண்ணெயக்கூட 50 ஷில்லிங்குக்கு அளந்து ஊத்துவாங்க, ஏன்னா வாங்குறவங்களுக்கு அன்னாடக்கூலி, பெரிய பாட்டில்தான் லாபம்னு நாம ஸ்லைடு போட்டா யாரு கேப்பா? காசு பெரும்பாலும் 2007ல வந்த எம்-பெசாங்கிற மொபைல் பணச் சேவைலதான், உடனே போன்ல ஏறிடும். பெரிய சூப்பர்மார்க்கெட் ஆர்டர்னு குதிக்காதீங்க, பில் பாஸாக மாசக்கணக்குல இழுப்பாங்க, அதுவரைக்கும் லாரி வாடகை, ஆள் சம்பளம் எல்லாம் உங்க கைக்காசு! கம்பெனி பதிவு ஈசிட்டிசன்ங்கிற கென்யா அரசு ஆன்லைன் போர்ட்டல்லயே பண்ணிக்கலாம், அலைச்சல் கம்மி.